கெர்ட்ரூட் பெர்க்

கெர்ட்ரூட் பெர்க் (அக்டோபர் 3, 1899 – செப்டம்பர் 14, 1966) அமெரிக்காவைச் சேர்ந்த எழுத்தாளர், தயாரிப்பாளர் மற்றும் நடிகை ஆவார். வானொலியிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் பெரும் புகழ் பெற்ற த கோல்ட்பெர்க்ஸ் என்னும் குடும்ப நகைச்சுவைத் தொடரை உருவாக்கியவர் இவரே. அத்தொடரின் உரிமையைத் தம்மிடமே வைத்திருந்த இவர், அதன் கதை வசனத்தை எழுதி, தயாரிப்பை மேற்பார்வையிட்டு, மோலி கோல்ட்பெர்க் என்னும் முதன்மைப் பாத்திரத்திலும் நடித்தார். சிறந்த நடிகைக்கான எம்மி விருதை முதன்முதலில் பெற்றவரும் இவரே. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையில் நிலவிய கறுப்புப் பட்டியல் நடைமுறையால் இவரது தொடரும், அதில் கணவராக நடித்த பிலிப் லோப் என்பவரின் வாழ்வும் பெரிதும் பாதிக்கப்பட்டன.

இவரது தொடருக்கும், 2013 முதல் 2023 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் இதே பெயரில் ஒளிபரப்பான தொடருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

இளமைக் காலம்

கெர்ட்ரூட் பெர்க் நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இவரது இயற்பெயர் டில்லி எடெல்ஸ்டைன். தந்தை ஜேக்கப் எடெல்ஸ்டைன், தாயார் டைனா. இவருடன் பிறந்த ஒரே சகோதரர் சிறு வயதிலேயே தொண்டை அடைப்பான் நோயால் இறந்தார். அந்த இழப்பிலிருந்து தாயார் மீளவே இல்லை. அவரது மனநலம் பின்னாளில் மிகவும் குன்றியது. மோலி என்னும் மனந்தளராத தாய்ப் பாத்திரத்தைப் படைத்தவரின் சொந்த வீடு இத்தகையதாக இருந்தது என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை.

ஜேக்கப் எடெல்ஸ்டைன் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் உள்ள பிளைஷ்மன்ஸ் என்னும் ஊரில் கோடைக்கால விடுதி ஒன்றை நடத்தினார். நகரத்து வெப்பத்திலிருந்து தப்பிக்க விரும்பிய யூதக் குடும்பங்கள் கோடையில் இத்தகைய விடுதிகளில் தங்குவது அக்காலத்து வழக்கம். மழை நாட்களில் விருந்தினர்கள் வெளியே செல்ல இயலாமல் சலிப்படையும்போது அவர்களையும் அவர்களது குழந்தைகளையும் மகிழ்விப்பதற்காக டில்லி சிறு சிறு நகைச்சுவை நாடகங்களை எழுதி நடித்தார். கணவனாலும் குடும்பத்தாலும் ஓயாத தொல்லைகளுக்கு ஆளாகும் மால்ட்கி என்னும் நடுத்தர வயதுப் பெண் இந்நாடகங்களில் இடம்பெற்ற ஒரு பாத்திரம். இப்பாத்திரமே பிற்காலத்தில் மோலி கோல்ட்பெர்க்காக வளர்ச்சி பெற்றது.

விடுதிக்கு விருந்தினராக வந்த பொறியியல் மாணவர் லூயிஸ் பெர்க் என்பவரை 1918 ஆம் ஆண்டு தமது 19 ஆவது வயதில் டில்லி மணந்தார். பின்னர் தமது பெயரைக் கெர்ட்ரூட் என மாற்றிக்கொண்டார். வேதிப் பொறியாளரான லூயிஸ் சர்க்கரைத் தொழிலில் பணியாற்றியதால் தம்பதியினர் சில காலம் லூசியானா மாநிலத்தில் வசித்தனர். பின்னர் நியூயார்க்கிற்குத் திரும்பினர். இவர்களுக்குச் செர்னி என்ற மகனும் ஹாரியட் என்ற மகளும் பிறந்தனர். லூயிஸ் பணியாற்றிய சர்க்கரை ஆலை தீக்கிரையானதும் குடும்ப வருமானம் நின்றுபோனது. அதுவரை பொழுதுபோக்காக எழுதி வந்த கெர்ட்ரூட், எழுத்தைத் தொழிலாகக் கொள்ள முனைந்ததற்கு இதுவே காரணம்.

வானொலியில்

1920களின் இறுதியில் அமெரிக்காவில் வானொலி விரைவாகப் பரவிக்கொண்டிருந்தது. பெர்க் முதலில் எழுதிய எஃபி அண்ட் லாரா என்னும் தொடர் கடையில் வேலை செய்யும் இரு பெண்களைப் பற்றியது. சி.பி.எஸ். வானொலியில் ஒரே ஒரு முறை ஒலிபரப்பானதும் அது நிறுத்தப்பட்டது. திருமணம் குறித்து அதில் இடம்பெற்ற ஒரு கருத்து நிலையத்தாருக்கு உவப்பாக இல்லாததே அதற்குக் காரணம்.

அடுத்து இவர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறி நியூயார்க்கில் வாழும் யூதக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதி என்.பி.சி. நிறுவனத்திடம் கொண்டு சென்றார். எழுத்துப்படி பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. அக்கையெழுத்தை அதிகாரியால் படிக்க இயலவில்லை. ஆகவே பெர்க் தாமே அதைப் பாத்திரங்களின் குரல்களில் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. வாசிப்பைக் கேட்ட அதிகாரி, தொடரை ஏற்றுக்கொண்டதோடு மோலி பாத்திரத்தில் பெர்க்கே நடிக்க வேண்டும் எனவும் கேட்டுக்கொண்டார். வாசித்துக் காட்டும் வாய்ப்பைப் பெறும் பொருட்டே பெர்க் தெளிவற்ற கையெழுத்தில் எழுதினார் என்றும் சொல்லப்படுவதுண்டு. இவருக்கு வாரத்திற்கு 75 டாலர் ஊதியம் அளிக்கப்பட்டது.

த ரைஸ் ஆஃப் த கோல்ட்பெர்க்ஸ் என்ற பெயரில் இத்தொடர் 1929 நவம்பர் 20 அன்று தொடங்கியது. நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ச்சியடைந்து சுமார் மூன்று வாரங்களே ஆகியிருந்தன. வேலையின்மையும் வறுமையும் நாடெங்கும் பெருகிய அந்த ஆண்டுகளில், வாடகைக் குடியிருப்பு ஒன்றில் சிக்கனமாக வாழ்ந்து முன்னேற முயலும் ஒரு குடும்பத்தின் கதை யூதர் அல்லாத நேயர்களையும் கவர்ந்தது. பெர்க் உடல்நலக் குறைவால் சில நாட்கள் நடிக்க இயலாதபோது ஆயிரக்கணக்கான கடிதங்கள் நிலையத்திற்கு வந்து குவிந்தன. 1931 முதல் பெப்சோடென்ட் பற்பசை நிறுவனத்தின் விளம்பர ஆதரவுடன் தொடர் ஒலிபரப்பானது.

1930களின் நடுவில் தொடருக்கு இடைவெளி ஏற்பட்டது. அக்காலத்தில் பெர்க், கேட்ஸ்கில் விடுதி ஒன்றைக் களமாகக் கொண்ட ஹவுஸ் ஆஃப் கிளாஸ் (1935) என்னும் வேறொரு வானொலித் தொடரை எழுதினார். பின்னர் கோல்ட்பெர்க் குடும்பம் மீண்டும் வானொலிக்குத் திரும்பி 1945 வரை நீடித்தது. வானொலிக்காக மட்டும் இவர் 5,000க்கும் மேற்பட்ட பகுதிகளை எழுதினார்.

கதைக்களமும் பாத்திரங்களும்

கோல்ட்பெர்க் குடும்பம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கிழக்கு டிரமாண்ட் அவென்யூவில் 1038 ஆம் எண் கட்டடத்தில் வசிப்பதாகக் கதை அமைந்திருந்தது. தாய் மோலி, ஆடைத் தொழிலில் ஈடுபட்டுள்ள தந்தை ஜேக், மகன் சாமி, மகள் ரோசலி, உடன் வசிக்கும் மாமா டேவிட் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்கள். சன்னல் வழியே தலையை நீட்டி அண்டை வீட்டுப் பெண்மணியைக் கூவி அழைப்பது மோலியின் அடையாளமாக விளங்கியது.

மோலியின் ஆங்கிலம் இத்திஷ் மொழியின் சொல் வரிசையைப் பின்பற்றியது. பழமொழிகள் அவள் வாயில் சற்றே உருமாறி வெளிவரும். எனினும் பெர்க் அவளைக் கேலிப் பொருளாக்கவில்லை. அதற்கு முன்பு மேடை நகைச்சுவைகளில் யூதர்களைக் கஞ்சர்களாகவோ கோமாளிகளாகவோ சித்திரிப்பது வழக்கமாக இருந்தது. பெர்க் அவ்வழக்கத்தை முற்றிலும் தவிர்த்தார். வீட்டில் எழும் சிறு பிணக்குகள், பெற்றோருக்கும் அமெரிக்காவிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும் இடையிலான வேறுபாடுகள், பணக் கவலை ஆகியவற்றிலிருந்தே நகைச்சுவை தோன்றியது. சிக்கலைத் தீர்ப்பதாக எண்ணி மோலி பிறர் விவகாரங்களில் தலையிடுவாள். சிக்கல் மேலும் பெருகும். இறுதியில் அவளது நல்லெண்ணமே வழிகாட்டும். பிற்காலக் குடும்ப நகைச்சுவைத் தொடர்கள் பலவற்றில் இக்கட்டமைப்பைக் காணலாம்.

யூதப் பண்டிகைகள் மறைக்கப்படாமல் தொடரில் இடம்பெற்றன. பாடகர் ஜான் பியர்ஸ் யோம் கிப்பூர் நாளையொட்டிய நிகழ்ச்சிகளில் பாடியுள்ளார். 1938 நவம்பரில் செருமனியில் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. உடைந்த கண்ணாடிகளின் இரவு என அறியப்படும் இந்நிகழ்வு நடந்து ஐந்து மாதங்களுக்குள், 1939 ஏப்ரல் 3 அன்று ஒலிபரப்பான பகுதியில், கோல்ட்பெர்க் குடும்பம் பாஸ்கா விருந்துக்கு அமர்ந்திருக்கும்போது சன்னல் வழியே கல் ஒன்று வந்து விழுகிறது. மோலி பிள்ளைகளை அமைதிப்படுத்தி வழிபாட்டைத் தொடரச் செய்கிறாள். பொழுதுபோக்குத் தொடர்கள் இத்தகைய செய்திகளைப் பெரும்பாலும் தவிர்த்த காலத்தில் இப்பகுதி ஒலிபரப்பானது குறிப்பிடத்தக்கது.

எழுதும் முறை

பெர்க் அதிகாலையிலேயே எழுந்து எழுதும் வழக்கம் உடையவர். முதலில் கையால் எழுதி, பின்னர் தட்டச்சு செய்வித்து, மாலையில் ஒத்திகையையும் ஒலிபரப்பையும் கவனிப்பார். வாரத்தில் ஐந்து நாட்கள் பதினைந்து நிமிட நிகழ்ச்சியை எழுதுவது என்பது ஆண்டிற்குப் பல நூல்களை எழுதுவதற்கு ஒப்பாகும்.

ஒலி நுணுக்கங்களில் இவர் மிகுந்த கவனம் செலுத்தினார். கதையில் முட்டை உடைக்கப்பட்டால் ஒலிவாங்கிக்கு அருகில் உண்மையான முட்டையே உடைக்கப்பட்டது. பாத்திரம் துலக்கும் காட்சியில் உண்மையான பாத்திரங்களே பயன்படுத்தப்பட்டன. யூதக் குடியேறிகள் மிகுதியாக வாழ்ந்த கீழ்க் கிழக்குப் பகுதிக்குத் தாம் யாரெனக் கூறாமல் சென்று, அங்குள்ள மக்களின் பேச்சைக் கேட்டு வருவார்.

மோலிக்கும் பெர்க்கிற்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தது. பெர்க் தூய அமெரிக்க ஆங்கிலம் பேசியவர். புகழ் பெற்ற பின்னர் செல்வந்தர்கள் வாழும் பார்க் அவென்யூவில் வசித்தவர். ஒப்பந்தம், ஊதியம், நடிகர் தேர்வு ஆகிய அனைத்தையும் தாமே தீர்மானித்த கண்டிப்பான தயாரிப்பாளராகவும் விளங்கினார். பெண்கள் தயாரிப்பாளராக இருப்பது அரிதாக இருந்த அக்காலத்தில் இவர் பெற்றிருந்த இவ்வதிகாரத்திற்குத் தொடரின் உரிமை இவரிடம் இருந்ததே அடிப்படையாகும்.

மேடையும் தொலைக்காட்சியும்

1948 இல் கோல்ட்பெர்க் குடும்பத்தைக் கொண்டு மீ அண்ட் மோலி என்னும் நாடகத்தை பெர்க் எழுதினார். பிப்ரவரி 26 அன்று பிராட்வேயில் அரங்கேறிய இந்நாடகம் 156 முறை நிகழ்த்தப்பட்டது. இதில் ஜேக் பாத்திரத்தில் நடித்தவர் பிலிப் லோப். மேடையில் நீண்ட அனுபவம் பெற்ற நடிகரும் இயக்குநருமான இவர், நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்று நடிகர்களின் உரிமைகளுக்காகப் பாடுபட்டவர்.

அப்போது தொலைக்காட்சி புதிய ஊடகமாக வளர்ந்து வந்தது. தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டு செல்ல பெர்க் விரும்பியபோது சி.பி.எஸ். நிறுவனத்தார் முதலில் ஆர்வம் காட்டவில்லை. பெர்க் நிறுவனத் தலைவர் வில்லியம் பேலியை நேரில் அணுகி இசைவு பெற்றார். 1949 ஜனவரியில் த கோல்ட்பெர்க்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. இதுவே முதல் தொலைக்காட்சிக் குடும்ப நகைச்சுவைத் தொடர் எனச் சில இடங்களில் கூறப்படுகிறது. ஆனால் 1947 இல் தொடங்கிய மேரி கே அண்ட் ஜானி இதற்கு முந்தையது. பெரும் வெற்றி பெற்ற தொடக்ககாலத் தொடர்களில் ஒன்று எனக் கோல்ட்பெர்க்ஸைக் கூறுவதே பொருத்தமாகும்.

தொலைக்காட்சியில் லோப் ஜேக்காகவும், எலி மின்ட்ஸ் மாமா டேவிட்டாகவும், லாரி ராபின்சன் சாமியாகவும், ஆர்லின் மெக்குவேட் ரோசலியாகவும் நடித்தனர். நிகழ்ச்சி ஒத்திகைக்குப் பின் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. தவறுகளைத் திருத்தும் வாய்ப்பு இல்லை. ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் தனது சங்கா காப்பிக்காக இத்தொடருக்கு விளம்பர ஆதரவு அளித்தது. விளம்பரத்தையும் பெர்க்கே மோலியாக நின்று வழங்கினார். சன்னலில் சாய்ந்தபடி பார்வையாளரை நோக்கி அண்டை வீட்டாரிடம் பேசுவது போலக் காப்பியைப் பற்றிப் பேசத் தொடங்கி, அப்படியே திரும்பிக் கதைக்குள் நுழைந்து விடுவார்.

1950 இல் இதே நடிகர்களைக் கொண்டு பாரமவுண்ட் நிறுவனம் ஒரு திரைப்படத்தையும் வெளியிட்டது. 1951 ஜனவரியில் நடைபெற்ற எம்மி விருது விழாவில் சிறந்த நடிகைக்கான விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் கெர்ட்ரூட் பெர்க்.

கறுப்புப் பட்டியலும் பிலிப் லோபும்

அக்கால அமெரிக்கத் தொலைக்காட்சியில் பொதுவாக ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு விளம்பரதாரர் என்ற முறை நிலவியது. நிகழ்ச்சியின் செலவை அவரே ஏற்றார். ஆகையால் நடிகர் தேர்விலும் அவரது விருப்பத்திற்குப் பெரும் மதிப்பு இருந்தது. பொருட்களை வாங்க மாட்டோம் என நுகர்வோரில் ஒரு சாரார் அச்சுறுத்தினால் விளம்பரதாரர் உடனே அஞ்சும் நிலை இருந்தது. கறுப்புப் பட்டியல் முறை வலிமை பெற்றதற்கு இந்த அமைப்பே முக்கியக் காரணம்.

1950 ஜூன் மாதத்தில் ரெட் சேனல்ஸ் என்னும் சிறு நூல் வெளியானது. பொதுவுடைமை எதிர்ப்புச் செய்தி மடலான கவுன்டர்அட்டாக் இதை வெளியிட்டது. வானொலி மற்றும் தொலைக்காட்சித் துறையைச் சார்ந்த 151 பேரின் பெயர்களும், அவர்கள் கலந்துகொண்டதாகவோ ஆதரித்ததாகவோ கூறப்பட்ட அமைப்புகளின் பட்டியலும் அதில் இருந்தன. இது அரசு வெளியீடு அன்று, தனியாரால் தொகுக்கப்பட்டது. நீதிமன்ற விசாரணையோ, குற்றச்சாட்டுக்குப் பதில் கூறும் முறையான வாய்ப்போ பட்டியலில் இருந்தவர்களுக்கு இல்லை. நூல் வெளியான சில நாட்களில் கொரியப் போர் தொடங்கியதால் நாட்டில் பொதுவுடைமை குறித்த அச்சம் மேலும் தீவிரமடைந்தது. பட்டியலில் பிலிப் லோபின் பெயரும் இருந்தது. தாம் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் அல்ல என அவர் மறுத்தார்.

1950 ஆகஸ்டில், ஜெனரல் ஃபுட்ஸ் ஆதரவு பெற்ற த ஆல்ட்ரிச் ஃபேமிலி என்னும் மற்றொரு தொடரிலிருந்து நடிகை ஜீன் மியூர் இதே பட்டியலின் காரணமாக நீக்கப்பட்டார். லோபையும் நீக்க வேண்டும் என பெர்க்கிடம் வலியுறுத்தப்பட்டது. பெர்க் மறுத்தார். லோபை நீக்கினால் இச்செய்தியைப் பொதுமக்களிடம் நேரடியாகக் கொண்டு செல்வதாக எச்சரித்தார். மியூர் விவகாரத்தில் ஏற்கெனவே கண்டனத்திற்கு உள்ளாகியிருந்த விளம்பரதாரர் தற்காலிகமாகப் பின்வாங்கினார். லோப் தொடர்ந்து நடித்தார். 1950 டிசம்பரில் சி.பி.எஸ். நிறுவனம் தனது ஊழியர்களிடம் அரசு விசுவாசம் குறித்த வினாப் படிவங்களை நிரப்பித் தருமாறு கோரியது. துறையில் அச்சம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

1951 இல் ஜெனரல் ஃபுட்ஸ் தனது ஆதரவை விலக்கிக்கொண்டது. எம்மி விருது பெற்ற சில மாதங்களிலேயே தொடர் சி.பி.எஸ். தொலைக்காட்சியிலிருந்து நீங்கியது. என்.பி.சி. அதை ஏற்க முன்வந்தாலும், லோப் இருக்கும் வரை எந்த விளம்பரதாரரும் வரவில்லை. பெர்க்கிடம் தொடரின் உரிமை இருந்தது. ஆனால் அதை ஒளிபரப்பும் ஆற்றல் பிறர் கையில் இருந்தது. மற்ற நடிகர்களும் பணியாளர்களும் மாதக்கணக்கில் வேலையின்றி இருந்தனர். அவர்களது பிழைப்பா, ஒருவருக்கான நீதியா என்னும் இக்கட்டான நிலையில் பெர்க் நின்றார்.

1952 ஜனவரியில் லோப் ஒரு பணத் தீர்வை ஏற்றுக்கொண்டு தொடரிலிருந்து விலகினார். அடுத்த மாதமே தொடர் என்.பி.சி.யில் மீண்டும் தொடங்கியது. ஜேக் பாத்திரத்தில் ஹரால்ட் ஸ்டோன் நடித்தார். பின்னர் அதை ராபர்ட் எச். ஹாரிஸ் ஏற்றார். லோப் 1952 ஏப்ரலில் செனட் சபையின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அதன் பின்னரும் அவருக்குத் தொலைக்காட்சியிலோ திரைப்படத்திலோ வாய்ப்புகள் கிடைக்கவில்லை. மனநலம் குன்றிய தம் மகனின் பராமரிப்புச் செலவையும் அவர் ஏற்க வேண்டியிருந்தது. 1955 செப்டம்பர் 1 அன்று மன்ஹாட்டனில் உள்ள டாஃப்ட் விடுதியில் லோப் தற்கொலை செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 64.

இவ்விவகாரத்தில் பெர்க்கின் நிலை குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. இறுதியில் லோப் இல்லாமலேயே தொடரைத் தொடர்ந்தது நெருக்குதலுக்குப் பணிந்ததே என்பது ஒரு சாரார் கருத்து. பெரும் நிறுவனங்களே முதல் நாளில் பணிந்துவிட்ட நிலையில், விருது பெற்ற தொடரையே இழக்கும் அளவுக்கு ஓராண்டிற்கும் மேலாக அவர் எதிர்த்து நின்றதைச் சுட்டிக்காட்டுவோர் மற்றொரு சாரார். அவ்வாறு எதிர்த்த தயாரிப்பாளர்கள் மிகச் சிலரே என்பதில் ஐயமில்லை.

தொடரின் இறுதிக் காலம்

மீண்டும் தொடங்கிய தொடர் பழைய செல்வாக்கை அடையவில்லை. இடையில், 1951 அக்டோபரில், ஐ லவ் லூசி என்னும் தொடர் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கி நாட்டின் மிகப் பெரிய நகைச்சுவைத் தொடராக வளர்ந்தது. கோல்ட்பெர்க்ஸ் 1954 இல் டுமாண்ட் வலையமைப்பிற்கு மாறியது. 1955–56 இல் படச்சுருளில் பதிவு செய்யப்பட்டு, தனித்தனி நிலையங்களுக்கு விற்கப்பட்டது. இக்கடைசிக் கட்டத்தில் குடும்பம் பிராங்க்ஸை விட்டு ஹேவர்வில் என்னும் புறநகருக்குக் குடிபெயர்வதாகக் கதை மாற்றப்பட்டது. போருக்குப் பின் பல அமெரிக்கக் குடும்பங்கள் புறநகர்களுக்குச் சென்றதை இது எதிரொலித்தது. ஆனால் அடுத்தடுத்த சன்னல்களும், கூவியழைத்தால் செவிமடுக்கும் அண்டை வீட்டாரும் இல்லாத இடத்தில் மோலியின் உலகம் சுருங்கிவிட்டது. 1956 இல் தொடர் முடிவுற்றது.

பிற்கால வாழ்க்கை

1955 இல் மைரா வால்டோ என்பவருடன் இணைந்து மோலி கோல்ட்பெர்க்கின் பெயரில் யூதச் சமையல் நூல் ஒன்றை பெர்க் வெளியிட்டார். பின்னர் மேடை நடிப்பில் கவனம் செலுத்தினார். 1959 பிப்ரவரியில் லியோனார்ட் ஸ்பிகெல்காஸ் எழுதிய எ மெஜாரிட்டி ஆஃப் ஒன் என்னும் நாடகத்தில், போரில் மகனை இழந்த யூதக் கைம்பெண்ணாக நடித்தார். அவள் ஜப்பானிய வணிகர் ஒருவருடன் நட்புக் கொள்வதே கதை. அவ்வணிகராகப் பிரித்தானிய நடிகர் செட்ரிக் ஹார்ட்விக் நடித்தார். 556 முறை நிகழ்த்தப்பட்ட இந்நாடகத்திற்காக பெர்க் சிறந்த நடிகைக்கான டோனி விருதைப் பெற்றார். 1961 இல் வெளியான இதன் திரைப்பட வடிவத்தில் இவருக்குப் பதிலாக ரோசலிண்ட் ரசல் நடித்தார்.

1961 இல் மகன் செர்னியுடன் இணைந்து எழுதிய மோலி அண்ட் மீ என்னும் தன்வரலாற்று நூல் வெளியானது. அதே ஆண்டு, முதிய வயதில் கல்லூரியில் சேரும் ஒரு கைம்பெண்ணைப் பற்றிய மிசஸ் ஜி. கோஸ் டு காலேஜ் என்னும் சி.பி.எஸ். தொடரில் நடித்தார். ஹார்ட்விக் இதில் பேராசிரியராக நடித்தார். இடையில் த கெர்ட்ரூட் பெர்க் ஷோ எனப் பெயர் மாற்றப்பட்ட இத்தொடர் 26 பகுதிகளுடன் 1962 இல் நிறைவுற்றது. 1963 இல் டியர் மீ, த ஸ்கை இஸ் ஃபாலிங் என்னும் பிராட்வே நாடகத்தில் நடித்தார்.

மறைவு

கெர்ட்ரூட் பெர்க் 1966 செப்டம்பர் 14 அன்று மன்ஹாட்டனில் உள்ள மருத்துவமனையில் இதயச் செயலிழப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 66. இவரது உடல், தாம் முதன்முதலில் நாடகம் எழுதி நடித்த பிளைஷ்மன்ஸ் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.

நினைவுகள்

1973 இல் மோலி என்னும் இசை நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. லோபின் நண்பரும் அதே கறுப்புப் பட்டியலால் பாதிக்கப்பட்டவருமான சீரோ மாஸ்டல், 1976 இல் வெளிவந்த த ஃபிரண்ட் என்னும் திரைப்படத்தில், கறுப்புப் பட்டியலால் வேலையிழந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் நகைச்சுவை நடிகராக நடித்தார். இப்பாத்திரம் லோபின் வாழ்வை நினைவூட்டுவதாகும். 2009 இல் அவிவா கெம்ப்னர் இயக்கிய யூ-ஹூ, மிசஸ் கோல்ட்பெர்க் என்னும் ஆவணப்படம் பெர்க்கின் வாழ்வைப் புதிய தலைமுறையினருக்கு அறிமுகப்படுத்தியது. இவரது எழுத்துப்படிகளும் ஆவணங்களும் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இவ்வளவு புகழ் பெற்றிருந்தும் பெர்க்கின் பெயர் பின்னாளில் பரவலாக மறக்கப்பட்டது. இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஐ லவ் லூசி தொடக்கம் முதலே 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டதால் பல ஆண்டுகள் மறு ஒளிபரப்பு செய்ய இயன்றது. கோல்ட்பெர்க்ஸின் சிறந்த ஆண்டுகளோ நேரடி ஒளிபரப்பாகவே கடந்துவிட்டன. தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்துப் பெறப்பட்ட, தரம் குறைந்த கினெஸ்கோப் பதிவுகள் சிலவே எஞ்சியுள்ளன. லோப் ஜேக்காக நடித்த பகுதிகளை இன்று அவற்றின் வாயிலாகவே காண இயலும்.

முக்கியப் படைப்புகள்

த ரைஸ் ஆஃப் த கோல்ட்பெர்க்ஸ் – வானொலித் தொடர் (1929 முதல்)
ஹவுஸ் ஆஃப் கிளாஸ் – வானொலித் தொடர் (1935)
மீ அண்ட் மோலி – நாடகம் (1948)
த கோல்ட்பெர்க்ஸ் – தொலைக்காட்சித் தொடர் (1949–1956, இடைவெளிகளுடன்)
த கோல்ட்பெர்க்ஸ் – திரைப்படம் (1950)
மோலி அண்ட் மீ – தன்வரலாறு (1961)

பெற்ற விருதுகள்

சிறந்த நடிகைக்கான எம்மி விருது (1951)
சிறந்த நடிகைக்கான டோனி விருது (1959)